பச்சை டிக் போட்ட ரிப்போர்ட்டை நம்பி கார் விலையில கால்வாசி போச்சு

செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்க அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. கம்பெனி பேர் வேண்டாம், வகையை மட்டும் சொல்றேன்: வண்டியை அவங்களே வாங்கி, பாலிஷ் போட்டு, ‘200 பாயின்ட் செக்கிங்’ ரிப்போர்ட்டோட ஆப்ல விக்கிற ஆளுங்க. வாங்கி ஒரு மாசம்கூட ஆகல, கார் விலையில கால்வாசி கியர்பாக்ஸுக்கே போயிடுச்சு.

ஆளைக் கவுத்தது அந்த ரிப்போர்ட்தான். இன்ஜின் பச்சை, கியர்பாக்ஸ் பச்சை, மீட்டர்ல 48,000. கார் கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு நம்பரை (எர்ரர் கோடு) படிக்கிற ஸ்கேனரோட போட்டோவே வச்சிருந்தாங்க: ‘எர்ரர் கோடு 0’. இதுக்கு மேல என்ன வேணும்னுதான் யாருக்கும் தோணும்.

வண்டி ட்ரை டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதாவது ரெண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிச்சு தானா கியர் மாத்துற வகை. இந்த வகைக்கு ஆயில்ல முங்கின கிளட்ச் கிடையாது. டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பாதி பிடிச்சும் விட்டும் சூடேறும். தேஞ்ச கிளட்ச்னா அப்பதான் ஒண்ணாவது கியர்லயும் ரெண்டாவதுலயும் உதறும். காலி ரோட்டுல பத்து நிமிஷம் ஓட்டினா வெண்ணெய் மாதிரி போகும். டெஸ்ட் டிரைவுக்கு அவங்க கூட்டிட்டுப் போனது எந்த ரோடுன்னு சொல்லவும் வேணுமா?

வெளி மெக்கானிக் ஸ்கேனர் மாட்டினதும் குட்டு உடைஞ்சது. ஸ்கேனர்ல ‘கோடு அழிச்சப்புறம் ஓடின தூரம்’னு ஒரு ரீடிங் வரும். அது 655 கிலோமீட்டர். டெலிவரி எடுத்தப்புறம் ஓடினது 640. அதாவது விக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி துடைச்சிருக்காங்க. சாதா ஸ்கேனர்ல அழிச்சா இன்ஜின், கியர்பாக்ஸ் கோடுதான் போகும். பிரேக் அடிக்கும்போது வீல் லாக் ஆகாம பார்த்துக்கிற ஏபிஎஸ் யூனிட்ல இருக்கிறது அப்படியே இருக்கும். அங்க ஒரு பழைய வீல் சென்சார் எர்ரர், அது பதிவானப்போ வண்டி ஓடியிருந்தது 91,000 கிலோமீட்டர். மீட்டர் சொன்னது 48,000! பிரேக் பெடல் ரப்பர் ஒரு ஓரம் வழுவழுன்னு தேஞ்சு கிடந்ததுக்கு இப்பதான் அர்த்தம் புரியுது.

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. முதல்ல “சார், உங்க டிரைவிங் ஸ்டைல் அப்படி”. அடுத்து “கிளட்ச் தேய்மானப் பார்ட், வாரண்டில வராது”. ஏபிஎஸ் ரீடிங்கை அனுப்பினா “டெக்னிக்கல் டீம் பார்க்கிறாங்க”. பார்த்தாங்களோ இல்லையோ, கம்ப்ளைன்ட் ‘தீர்க்கப்பட்டது’ன்னு மெசேஜ் வந்துடுச்சு. என்னத்தைத் தீர்த்தாங்க? கால்வாசி விலை, திரும்ப ஒரு பைசா வரல.

எப்படி செக் பண்ணணும்னு முழுசா எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற கோபத்துல இவ்வளவுதான் வருது. சொந்த ஸ்கேனரோ தெரிஞ்ச மெக்கானிக்கோ இல்லாம போகாதீங்க. கோடு இருக்கான்னு மட்டும் பார்க்காம, அழிச்சப்புறம் எவ்வளவு ஓடியிருக்குன்னு பாருங்க. ரெண்டு இலக்கத்துல இருந்தா ஏன் அழிச்சாங்கன்னு கேளுங்க. ஏபிஎஸ், ஏர்பேக் யூனிட்டையும் படிக்கச் சொல்லுங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. கம்மி கிலோமீட்டர் வண்டில நாலு டயரும் புதுசா இருந்தா உஷார். நீங்க போறதுக்கு முன்னாடியே இன்ஜினைச் சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க. ஆட்டோமேட்டிக்னா நெரிசல்லயும் மேட்டுலயும் அரை மணி நேரமாவது ஊர்ந்து பாருங்க. அதுக்கு ஒத்துக்கலைன்னா அந்த வண்டியே வேண்டாம்.