பாக்கெட் ரேடார் ஸ்மார்ட் கோச்: புதிதாக வேலைக்குச் சேரும் அசிஸ்டென்ட் கோச்சுக்குப் போதுமா?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் அசிஸ்டென்ட் கோச் மேலே வருவது பெரும்பாலும் ரெக்ரூட்டிங் (பள்ளி வீரர்களைத் தேடிப் பார்த்து அணிக்கு எடுப்பது) வழியாகத்தான். முதுகலை படித்துக்கொண்டே கிராஜுவேட் அசிஸ்டென்டாகச் சேருபவர் பயிற்சிக்குப் பந்து எறிவார், மைதான வேலை பார்ப்பார். எந்தப் பள்ளிப் பையனை எடுக்கலாம் என்று அவர் சொல்வது பலித்தால்தான் பெயர் வெளியே தெரியும். கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் 1-ல் முன்பு சம்பளமில்லாத வாலன்டியர் கோச் இருந்தார். வெளியூர் போய் ஆள் பார்க்க அவருக்கு அனுமதி கிடையாது. 2023 ஜூலை 1 முதல் அந்தப் பதவி போய், சம்பளம் வாங்கும் மூன்றாவது அசிஸ்டென்ட்டுக்கு இடம் வந்துவிட்டது. இந்தப் படிகளில் ஏற நினைப்பவர் முதலில் வாங்கும் கருவி, எறியும் பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார்.

ஸ்மார்ட் கோச் சட்டைப்பையில் அடங்கிவிடும். எடை சுமார் 130 கிராம், இரண்டு AAA பேட்டரி, விலை ஏறக்குறைய 400 டாலர். மணிக்கு 25 முதல் 130 மைல் வரை, 120 அடி தூரத்துக்குள் வரும் பந்தை அளக்கும்; ஒரு மைல் முன்பின் இருக்கலாம். போன் ஆப்போடு சேர்த்தால் வீடியோவிலேயே வேகம் பதிவாகும். ஊர் திரும்பியதும் தலைமை கோச்சிடம் காட்ட அந்த ஒரு வசதி போதும்.

தப்பு வருவது பெரும்பாலும் நாம் உட்காரும் இடத்தால். ரேடார் தன்னை நோக்கி வரும் வேகத்தை மட்டும்தான் அளக்கும். 90 மைல் பந்தை 10 டிகிரி சாய்விலிருந்து பார்த்தால் 88.6 காட்டும், 20 டிகிரி என்றால் 84.6. ஜார்ஜியாவின் எமர்சனில் உள்ள லேக்பாயிண்ட் போன்ற வளாகத்தில் கோடைப் போட்டி நடக்கும்போது எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு நேர்பின்னால் உள்ள நாற்காலிகள் சீக்கிரமே நிரம்பிவிடும். தாமதமாகப் போய் ஓரத்தில் உட்கார்ந்து 86 என்று எழுதினால், 89 எறியும் பையனைக் கைவிட்டுவிடுவீர்கள். முதல் இன்னிங்ஸுக்கு அரை மணி முன்பே போய் இடம் பிடியுங்கள்.

இன்னொன்று: கையை விட்ட பந்து பிளேட்டுக்கு (மட்டையாளர் நிற்கும் இடம்) வருவதற்குள் 8 மைல் அளவு வேகம் இழக்கும். அம்பயரின் முதுகு, பந்து எறியும் பிட்சரின் கையை மறைத்தால் ரேடார் பந்தைத் தாமதமாகப் பிடித்துக் குறைவாகக் காட்டும். 88, 89, 88 என்று வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று 71 வந்தால், அது மட்டை வீச்சாகவும் இருக்கலாம், மெதுவாக வளைந்து வரும் கர்வ்பாலாகவும் இருக்கலாம். கண்ணை எண்ணில் வைக்காமல் பந்தில் வைத்தவருக்குத்தான் எது என்று தெரியும்.

நோட்டில் உச்ச எண்ணை மட்டும் குறிக்காதீர்கள். "88-90-ல் நிற்கிறான், 92 தொட்டான், ஐந்தாவது இன்னிங்ஸில் 85" என்று எழுதினால்தான் பையனின் உடல்பலம் புரியும்.

ஸ்டாக்கர் வகைத் துப்பாக்கி ரேடார் இன்னும் தூரத்திலிருந்து பிடிக்கும். கையை விடும் வேகம், பிளேட்டைச் சேரும் வேகம் இரண்டையும் காட்டும். விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். அதைக் கல்லூரி பட்ஜெட்டில்தான் வாங்க வேண்டும். தொடக்கச் சம்பளத்தில் வாங்காதீர்கள்.

கூடவே ஒரு ஸ்டாப்வாட்ச். பிட்சர் பந்தைப் பிளேட்டுக்குச் சேர்க்க 1.3 நொடி, கேட்சர் இரண்டாவது பேஸுக்கு எறிய 2.0 நொடி, மொத்தம் 3.3. முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸுக்கு ஓடுபவன் அதற்குள் சேர்ந்துவிடுவானா என்பதை எந்த ரேடாரும் சொல்லாது.

மாற்று பேட்டரி இரண்டு ஜோடி, ஒரு பவர்பேங்க், சின்ன டிரைபாட் இவற்றையும் சேர்த்து வாங்குங்கள். வலைக்குப் பின்னால் டிரைபாடில் நிறுத்திவிட்டால் கை நடுங்காது, எழுதவும் கை கிடைக்கும்.