ரூ.7,800 போனது: கயாக்கில் பறவை பார்க்கப் பணம் கட்டுவோர் கவனத்துக்கு

பழவேற்காட்டில் கயாக்கில் போய்ப் பூநாரை பார்க்கலாம் என்று பயண முன்பதிவுச் செயலி ஒன்றில் ரூ.7,800 கட்டி ஏமாந்து, நேற்று மாலைதான் வேலூர் திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாலாற்றில் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும் நீர்ப்பரப்பில், மோட்டார் இரைச்சல் இல்லாமல் துடுப்புப் போட்டுப் பறவைகளை நெருங்கலாம் என்றால் ஆசை வராதா? அக்கா, அவள் மகன், நான் என மூன்று பேருக்கு முன்பதிவு செய்தேன்.

பயணத்துக்கு முதல் நாள் இரவு, செயலியில் இந்தப் பயணத்தை விற்ற ஏற்பாட்டாளன் தொலைபேசியில் அழைத்தான். "சார், நீர் ஏறியிருக்கும்போது போனால் ஒன்றும் கிடைக்காது. வடியும்போதுதான் சேற்றுத்திட்டு வெளியே வரும், புழு பொறுக்க உள்ளான் என்கிற கரைப்பறவைகள் இறங்கும். ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் நேற்று வந்தவர்களின் நேரம் உங்களுக்கு ஆகாது" என்றான். அத்தனையும் சரியான தகவல். ஓத அட்டவணையில் காலை 6.40-ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் படமும் அனுப்பினான். இவ்வளவு தெரிந்தவன் மோசம் செய்வான் என்று யாருக்குத் தோன்றும்? அதே மூச்சில், "படகு ஒதுக்க வேண்டும், செயலியில் வந்திருக்கும் நான்கு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்" என்றான். சொன்னேன். பயணம் தொடங்கியதற்கான அத்தாட்சியே அந்த எண்தான், அதைச் சொன்னதும் பணம் அவன் கணக்குக்குப் போய்விடும் என்பதைச் செயலியில் எங்குமே கண்ணில் படும்படி எழுதவில்லை.

சத்துவாச்சாரியிலிருந்து நள்ளிரவில் வாடகைக் கார் பிடித்து, விடியும் முன் கரையில் நின்றோம். கயாக்கும் இல்லை, ஆளும் இல்லை. கைபேசியை அணைத்து வைத்திருந்தான். வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். உங்களை யார் தம்பி வரச் சொன்னது?" என்று கேட்டார். உயிர்காப்பு உடை பற்றி நான் விசாரித்தபோது "எல்லாம் இருக்கிறது சார்" என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது. சொன்ன நேரத்துக்கு நீர் வடிந்தது. அதில் மட்டும் பொய் இல்லை. தூரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. இரவல் வாங்கி வந்த பைனாகுலரை அக்கா மகன் உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

செயலியின் உதவிப் பிரிவு இன்னும் மேல். "சேவை நிறைவேறியதாகப் பதிவாகியுள்ளது" என்றார்கள். எங்கே நிறைவேறியது, நான் கரையில் அல்லவா நிற்கிறேன் என்றால், "எண்ணைப் பகிர்ந்தது நீங்கள்தானே?" அப்புறம், "நாங்கள் இணைப்பாளர் மட்டுமே." கடைசியாகப் பேசியவர் அடுத்த பயணத்துக்கு 300 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னார், ஏதோ அன்னதானம் செய்கிற தோரணையில். போனது 7,800 ரூபாய்!

நல்ல ஏற்பாட்டாளரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. படகில் கால் வைக்கும் முன் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். அங்கே படகுக்கு அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அலையாத்திக் காடு பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமே இருக்கிறது. பணம் போனால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. இரண்டிலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஆளின் பக்கம் இந்த நிமிடம் வரை செயலியில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு "இடங்கள் உள்ளன" என்று காட்டுகிறது, மூன்று பேருக்கு அதே ரூ.7,800.