தானியமில்லாத பூனைத் தீனி: இரட்டை விலைக்குத் தகுமா?

பையின் முகப்பில் 'தானியம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி, வழக்கமான தீனியைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் கோழிக்கு அடுத்ததே பட்டாணி, அப்புறம் உருளைக்கிழங்கு. அரிசி, சோளம் போய் வேறு மாவுச்சத்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். பூனைகளுக்கு உணவு ஒவ்வாமை வந்தாலும் பெரும்பாலும் மாட்டிறைச்சி, மீன், கோழியால்தான் வருகிறது, தானியத்தால் அல்ல.

சரி, டாரின் என்ற, பூனைக்குத் தேவையான அமினோ அமிலத்தைச் சேர்த்திருக்கிறார்கள், அது நல்லது. அது குறைந்தால் பூனையின் இதயத் தசையே பலவீனமாகும் என்று 1987லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

எங்கள் மீனு இரண்டு நாள் முகர்ந்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டினாள். மூன்றாம் நாள் அவித்த மத்தி மீனைப் பிசைந்து கலந்தேன், மீன் மட்டும் காலி, உருண்டைகள் பளபளவென்று நக்கித் துடைத்தபடி அப்படியே கிடந்தன. மிச்சப் பை மாடிப்படிப் பூனைகளுக்கு.