கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு எந்த மருந்து? பல டப்பாக்கள் காலியான பிறகு

9 மி.மீ. லூகர் தோட்டாவின் காலிக் கூடு (கேஸ்) ஒன்றில், வேகமாக எரியும் டைட்குரூப் என்ற வெடிமருந்தை மேனுவல் (மருந்து அளவுகள் தரும் கையேடு) சொல்லும் அளவுக்குப் போட்டு, மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மருந்து பாதிக்கும் கீழே கிடக்கும். அதே கேஸில் கை தவறி இரண்டாவது முறையும் விழுந்தால்கூட வழியாது. கவனிக்காமல் மேலே குண்டை வைத்து அழுத்திவிடலாம். இரட்டை அளவு கொண்ட அந்த ஆபத்தான தோட்டா மற்ற தோட்டாக்களோடு பெட்டிக்குள் போய்விட்டால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இப்போது யூனிக் என்ற இன்னொரு மருந்தைப் போட்டுப் பாருங்கள். கேஸ் பாதிக்கு மேல் நிறையும். இரண்டாம் முறை விழுந்தால் வழிந்து மேசையில் கொட்டும்.

மருந்து தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். குண்டின் வேகம், புகை, குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதெல்லாம் அதற்குப் பின்னால். ரீலோடிங் (சுட்ட கேஸை மறுபடி நிரப்பித் தோட்டா செய்வது) தொடங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது "ஒரு டப்பாவில் எத்தனை தோட்டா வரும்?" என்பது. மருந்தை நிறுப்பது கிரெய்ன் கணக்கில்; ஒரு பவுண்டில் 7000 கிரெய்ன். குறைந்த அளவு போதும் என்கிற வேகமான மருந்து சிக்கனம்தான். ஆனால் அந்தச் சிக்கனமே கேஸைக் காலியாக விடுகிறது. .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவில் இது இன்னும் மோசம். கரும்புகை மருந்து காலத்துக் கேஸ் அது, உள்ளே இடம் அதிகம். அதில் டைட்குரூப்போ, அதேபோல் வேகமான புல்ஸ்ஐயோ அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரண்டு மடங்கு என்ன, மூன்று மடங்கும் கொள்ளும். யூனிக்கூட அங்கே இரண்டு மடங்கு விழுந்தால் வழியாது. இந்தக் கேஸில் வேகமான மருந்து போடுபவர்கள் எல்லாக் கேஸ்களையும் லோடிங் பிளாக்கில் (குழிகள் கொண்ட தட்டில்) நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் வரிசை வரிசையாக வெளிச்சம் அடித்து மட்டத்தை ஒப்பிட வேண்டும். புரோகிரசிவ் பிரெஸ் (ஒவ்வொரு இழுப்பிலும் எல்லாப் படிகளையும் சேர்த்துச் செய்யும் கருவி) என்றால் பவுடர் செக் டை (மருந்து மட்டத்தைச் சோதிக்கும் பாகம்) மாட்டுங்கள். அதற்கு இடமில்லாத பிரெஸ்ஸில் கண் படும் கோணத்தில் ஒரு சின்ன விளக்கு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்தது அளந்து விழும் விதம். மருந்தின் வடிவம்தான் இதை முடிவு செய்கிறது. டபிள்யூ 231, டைட்குரூப், சிஎஃப்இ பிஸ்டல் போன்றவை பொடி உருண்டைகள் அல்லது தட்டிய உருண்டைகள். பவுடர் மெஷரில் (கைப்பிடியை இழுத்தால் மருந்தை அளந்து விடும் கருவியில்) தண்ணீர் மாதிரி இறங்கும். பெரும்பாலான மெஷர்களில் ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 0.1 கிரெய்னுக்குள் நிற்கும். யூனிக் செதில் மருந்து. செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று படுத்து, குழிக்குள் பாலம் கட்டிக்கொள்ளும். ஒரு முறை குறைவாகவும் அடுத்த முறை அதிகமாகவும் விழும். 0.2 முதல் 0.3 கிரெய்ன் வரை ஆடுவது வழக்கம். போடுவதே 4 கிரெய்ன் சுற்றுவட்டம் என்றால், 0.2 என்பது 5 சதவீதம். புல்ஸ்ஐயும் செதில்தான், ஆனால் பொடிசு என்பதால் நன்றாகவே இறங்கும். வீட்டவூரி என்320 குட்டிக் குட்டிக் குழாய்த் துண்டுகள். செதிலைவிட ஒழுங்காகவும் உருண்டையைவிடச் சற்றே தயங்கியும் விழும்.

உங்கள் மெஷர் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு வீச்சை (ஓர் இழுப்பில் விழும் மருந்தை) எடை போட்டுப் பயனில்லை. மெஷரின் மேலுள்ள மருந்துக் குடுவையை (ஹாப்பர்) பாதிக்கு மேல் நிரப்புங்கள். முதல் 15, 20 வீச்சுகளைத் திரும்ப ஹாப்பரிலேயே கொட்டுங்கள்; மருந்து படிந்து அடர்த்தி நிலைக்க அவ்வளவு பிடிக்கும். பிறகு 10 வீச்சுகளைத் தனித்தனியாக நிறுங்கள். சராசரி சரியாக இருந்து தனி வீச்சுகள் ஆடினால் குறை கைப்பிடி இழுப்பில் இருக்கலாம்: ஒவ்வொரு முறையும் ஒரே வேகம், மேலே ஒரே மாதிரி ஒரு தட்டு. மெதுவாக ஒரு முறை, வெடுக்கென்று ஒரு முறை என்றால் எந்த மருந்தும் ஆடும். ஹாப்பருக்குள் பேஃபிள் (மருந்தின் பாரத்தைத் தாங்கும் தடுப்புத் தகடு) இல்லையென்றால் மட்டம் இறங்க இறங்க எடையும் நகரும். பிளாஸ்டிக் சுவரிலும் புனலிலும் செதில் ஒட்டுகிறதா? அது நிலைமின்சாரம்; துணி உலர்த்தியில் போடும் ஷீட்டால் ஒரு துடை துடைத்தால் அடங்கிவிடும். மின்தராசு என்றால் ஓடவிட்டுச் சூடாக நேரம் கொடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், செக் வெயிட் (எடை தெரிந்த படிக்கல்) வைத்துப் பாருங்கள்.

இனி ஒவ்வொன்றாக.

டபிள்யூ 231-ம் ஹாட்ஜ்டன் எச்.பி-38-ம் ஒரே மருந்து, டப்பா மட்டும்தான் வேறு. ஒன்று கிடைக்காதபோது மற்றது கிடைக்கும் என்பதே பெரிய வசதி. 9 மி.மீ., .38 ஸ்பெஷல், .45 ஏசிபி மூன்றிலும் குறை சொல்ல முடியாமல் வேலை செய்கிறது. அளவு நிலையாக விழும், சூடு மிதம். ஒரே ஒரு டப்பா வாங்க வேண்டுமென்றால் இதுதான்.

டைட்குரூப் குறைந்த அளவில் வேலையை முடிக்கும், பெரிய கேஸில் மருந்து எங்கே கிடந்தாலும் வேகம் அதிகம் மாறாது. ஆனால் சூடாக எரிகிறது. பாலிமர் பூச்சு அல்லது ஈயக் குண்டோடு சேர்த்தால் புகை கூடுகிறது. தொடர்ந்து சுட்டால் ரிவால்வரின் உருளை கை வைக்க முடியாதபடி காய்கிறது. உயர்ந்த அளவுக்கும் ஆரம்ப அளவுக்கும் இடைவெளி குறுகல் என்பதால் 0.1 கிரெய்ன் பிசகுக்கும் மரியாதை கொடுக்க வேண்டும்.

என்320 போட்டிக்காரர்களின் மருந்து. சுத்தமாக எரியும், பூச்சுக் குண்டோடு புகை குறைவு, பின்னுதைப்பு மென்மை. பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் சுடுபவருக்கு அவ்வளவு தேவையில்லை.

யூனிக் அழுக்கு என்று பெயரெடுத்திருக்கிறது. அது பாதி உண்மை. குறைந்த அழுத்தத்தில் எந்த மருந்தும் முழுதாக எரியாது. கேஸ் சுவர் விரிந்து அறையை அடைக்காததால் புகை பின்னால் கசிந்து கேஸின் வெளிப்புறம் கரியாகும். .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தமே 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .45 ஏசிபியில் 21,000, 9 மி.மீ.யில் 35,000. அதனால்தான் .38-இல் கரி அப்பும் அதே யூனிக் 9 மி.மீ.யில் ஓரளவு சுத்தமாக எரிகிறது. கரி படிந்த கேஸைப் பார்த்தவுடன் மருந்தை மாற்றாதீர்கள். மேனுவல் வரம்புக்குள் ஒரு படி ஏற்றிப் பாருங்கள்.

எச்110 வேறு இனம். டபிள்யூ 296-ம் இதுவும் ஒன்றே. .357 மேக்னம், .44 மேக்னம் முழுப் பலத்துக்குத்தான். இதைக் குறைத்துப் போட்டு மென்மையான தோட்டா செய்ய நினைப்பது ஆபத்து: சரியாகப் பற்றாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். மேனுவல் எந்த பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) சொல்கிறதோ அதே, கிரிம்ப் (கேஸின் வாயைக் குண்டின்மேல் நெரிப்பது) இறுக்கமாக, அளவு கொடுத்த எல்லைக்குள்.

வேகத்தை அளக்காமல் மருந்தை மதிப்பிடுவதில் அர்த்தமில்லை. பவர் ஃபேக்டர் என்பது குண்டின் கிரெய்ன் எடையை வினாடிக்கு அடிக் கணக்கிலான வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுப்பது. சுடும் போட்டிகளில் மைனர் பிரிவுக்கு 125 வேண்டும். 147 கிரெய்ன் குண்டு 870 அடியில் 127.9, 115 கிரெய்ன் குண்டு 1110 அடியில் 127.7. எண் ஏறத்தாழ ஒன்றுதான், கையில் உணர்வு வேறு. கனமான குண்டும் வேகமான மருந்தும் சேர்ந்தால் போடும் மருந்து குறைகிறது, குழல் முனையில் வெளியேறும் வாயுவும் குறைகிறது. உதை தள்ளுவதுபோல் இருக்கும், குத்தாது.

.38 ஸ்பெஷலில் இன்னொரு சோதனை கட்டாயம். ஒவ்வொரு சூட்டுக்கும் முன் குழலைப் பாதுகாப்பான திசையில் கீழே சாய்த்து மெதுவாக நிமிர்த்தி 10 தோட்டா. பிறகு குழலை மேலே நிமிர்த்தி மெதுவாகச் சமநிலைக்கு இறக்கி 10. முதல் வகையில் மருந்து குண்டுப் பக்கம் கிடக்கும், இரண்டாவதில் பிரைமர் பக்கம். இரண்டு சராசரிக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த மருந்து அந்தக் கேஸுக்குப் பொருந்தவில்லை. சராசரியை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பிரைமர் தட்டையாகிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிக்கலாம் என்பார்கள். கைத்துப்பாக்கியில் அதை நம்பாதீர்கள், அடையாளம் தெரிவதற்குள் .38-இன் வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். எரிவேகப் பட்டியலில் பக்கத்தில் இருக்கிறது என்று ஒன்றின் அளவை மற்றதற்கு எடுப்பதும் கூடாது. 9 மி.மீ.யில் குண்டு உள்ளே தள்ளப்பட்டால் அழுத்தம் சட்டென்று ஏறும். செய்த தோட்டாவைக் கட்டைவிரலால் மேசையில் அழுத்தி, நீளத்தைக் காலிப்பரில் மறுபடி பாருங்கள். சுடும்போது ஒரு சத்தம் மட்டும் மந்தமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் குண்டு நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை.

மேசையில் எப்போதும் ஒரே டப்பா. வேலை முடிந்ததும் ஹாப்பரில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் நைட்ரோகிளிசரின் கூடிய மருந்து பிளாஸ்டிக்கை மங்கலாக்கும், மறுநாள் அது எந்த மருந்து என்ற சந்தேகமும் வரும். சந்தேகம் வந்த மருந்தைத் திரும்ப எந்த டப்பாவிலும் சேர்க்காதீர்கள். மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறினாலோ செம்பழுப்புத் தூசியோ புகையோ தெரிந்தாலோ அது கெட்டுவிட்டது. லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் பழைய அளவை அப்படியே தொடராமல் 10 சதவீதம் இறக்கி, மேனுவலின் ஆரம்ப அளவுக்குக் கீழே போகாமல், மறுபடி குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவியில்) ஓட்டிப் பாருங்கள். எச்110-க்கு மட்டும் அந்த 10 சதவீதக் கணக்கு பொருந்தாது, அதன் மேனுவல் எல்லைதான் எல்லை.