தென்மராட்சிப் படகுக்குளம்: கட்டு நல்ல கட்டு, வான் வாயில் வலை

மதிப்பு: 5 இல் 2

சாவகச்சேரிப் பக்கம் வயற்கரையில் ஒரு தனியார் படகுக்குளம். குறைகளைத் திருத்த உரிமையாளருக்கு இன்னும் காலம் இருப்பதால் பெயரை விட்டுவிடுகிறோம். தை நடுவில், குளம் நிறைந்து வான் (மிஞ்சிய தண்ணி வெளியேறும் வழி) பாய்ந்து ஓய்ந்த பிறகு பார்த்தது. மண்கட்டைப் பார்க்க அதுதான் நேரம். ஆடியில் போனால் எல்லாக் கட்டும் காய்ந்து அழகாகத்தான் இருக்கும், ஊற்று எதுவும் கண்ணில் படாது.

படகு, உயிர்காப்பு அங்கி, சாப்பாடு எல்லாம் திருப்தி. கரையில் ஆழம் எழுதிய பலகை மட்டும் இல்லை. இங்கே பேச வேண்டியது கட்டைப் பற்றி.

கட்டின் நீளம் ஏறத்தாழ 70 மீற்றர், உயரம் 2.5 மீற்றர், முகடு 3 மீற்றர் அகலம். தண்ணிப் பக்கச் சரிவு 1க்கு 2.5 (1 மீற்றர் உயரத்துக்கு 2.5 மீற்றர் கிடை நீளம்), வெளிப்பக்கம் 1க்கு 2. இந்த உயரத்துக்கு இவை தாராளமான அளவுகள். வெளிச்சரிவில் புல் நெருக்கமாகப் பிடித்திருக்கிறது, அலை மோதும் பக்கத்தில் கல் பதித்திருக்கிறார்கள், சறுக்கலோ வீக்கமோ எங்கும் இல்லை. செம்மண்ணைத் தனியே கொட்டாமல் களி கூடிய வயல்மண்ணால் கட்டியிருக்கிறார்கள். எங்கள் செம்மண் தண்ணீரை விரைவாக விட்டுவிடும், ஆகவே இது தெரிந்த ஆள் செய்த வேலை. பிழை பெரும்பாலும் பிறகு, உல்லாசத்துக்கென்று சேர்த்தவற்றில் இருக்கிறது.

முதலாவது வான். அகலம் 2 மீற்றர், கொங்கிரீற் படி, வெடிப்பு இல்லை. ஆனால் மீன் போகாமல் இருக்க அதன் வாயை மறித்துச் சின்னக் கண் வலை கட்டியிருக்கிறார்கள். வலையின் கீழ்ப்பாதி முழுக்க ஆகாயத்தாமரை, பனையோலைத் துண்டு, ஒரு சோடாப் போத்தல். கையால் இழுத்தால் வராத அளவுக்குச் சேறு பிடித்து இறுகிவிட்டது.

இதன் பாரதூரத்தைக் கணக்கில் பார்க்கலாம். குளத்துக்கு மழைத்தண்ணி வரும் நிலம் 12 ஏக்கர் அளவு. மணிக்கு 80 மில்லிமீற்றர் வேகத்தில் கொட்டி அதில் பாதி ஓடிவந்தால், வினாடிக்கு 540 லீற்றர் போல வெளியேற வேண்டும். வான் வெறுமையாக இருந்தால் படிக்கு மேல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் அந்தத் தண்ணி போய்விடும். வாய் பாதி அடைபட்டால் 48 சென்ரிமீற்றர் வேண்டும். வான் படிக்கும் கட்டின் முகட்டுக்கும் இடையில் இருப்பதோ 45.

அதுவும் எல்லா இடத்திலும் 45 இல்லை. படகுக்கு இறங்கும் இடத்தில் கட்டை வெட்டிப் படி வைத்திருக்கிறார்கள். நடந்து நடந்து அந்த இடம் 12 சென்ரிமீற்றர் தாழ்ந்து கிடக்கிறது. மேசன்மார் பாவிக்கும் தண்ணி மட்டக் குழாயைப் பிடித்தால் உடனே தெரியும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அந்த இடத்தில் மிச்சம் 33 தான். வலையே இல்லாவிட்டாலும் மேற்சொன்ன மழைக்குத் தப்புவது 3 சென்ரிமீற்றர், ஒரு காற்றலைக்கே போதாது. மண்கட்டின் மேலால் தண்ணி பாய்ந்தால் வெளிச்சரிவில் முதலில் புல் உரியும், பிறகு அடியில் கிடங்கு விழும், அந்தக் கிடங்கு படிப்படியாக முகட்டை நோக்கி ஏறும். அதன்பிறகு மண்மூட்டையால் மறிக்க முடியாது.

2008 நவம்பரில் நிஷா புயலோடு யாழ்ப்பாணத்தில் கொட்டிய மழையைக் கண்டவர்களுக்கு 80 மில்லிமீற்றர் பெரிய கணக்காகத் தெரியாது.

வலையை இன்றே கழற்ற வேண்டும். மீன் முக்கியமென்றால் வானுக்கு 3 மீற்றர் முன்னால், தண்ணிக்குள், வான் வாயைப் போல மூன்று நான்கு மடங்கு நீளத்துக்குச் சாய்வான கம்பித் தட்டி போடலாம், கம்பிக்குக் கம்பி 5 சென்ரிமீற்றர் இடைவெளி. ஐப்பசி முதல் தை வரை அதையும் எடுத்து வைப்பதே நல்லது. மீன் போனால் அடுத்த வருடம் குஞ்சு விடலாம். தாழ்ந்த இடத்தைக் களிமண்ணால் நிரப்பி, அமர்வதற்கென்று 5 சென்ரிமீற்றர் கூட்டி உயர்த்தி, படியை வெட்டாமல் மேலே பலகைப் பாலமாகப் போட வேண்டும்.

இரண்டாவது, வெளியேற்றும் பைப். இதுதான் கூடக் கவலை தருகிறது. கட்டின் அடியால் 6 அங்குல பிளாஸ்ரிக் பைப் போகிறது, வால்வு வெளிப்பக்கத்தில். தண்ணி பைப்புக்குள்ளால் வரவில்லை, பைப்பின் வெளிச்சுவரோடு ஒட்டி வருகிறது. அதை நிறுத்த வாயைச் சுற்றிச் சீமெந்து பூசியிருக்கிறார்கள், இப்போது சீமெந்துக்குப் பக்கத்தால் ஊறுகிறது. 10 லீற்றர் வாளி நிறைய 50 வினாடி எடுத்தது. அளவு சின்னது. ஆனால் வெள்ளைப் போத்தலில் பிடித்து அரை மணித்தியாலம் ஆடாமல் வைத்தபோது அடியில் நகக்கனத்துக்குப் பழுப்பு மண் படிந்தது. தெளிந்த கசிவு பரவாயில்லை, அளந்து எழுதி வந்தால் போதும். மண்ணோடு வரும் கசிவென்றால் உள்ளே பொந்து வளர்கிறது, அது நாளுக்கு நாள் பின்னோக்கிக் குளத்தைத் தேடிப் போகும்.

காரணம் பழையதுதான்: உருண்டையான பைப்பின் கீழ்வயிற்றில் மண்ணை இடித்து இறுக்குவது கடினம், அங்கே வெற்றிடம் விடுபடும். சீமெந்து பூசுவது பரிகாரம் இல்லை. தண்ணி வெளியே வர வேண்டும், மண் உள்ளே நிற்க வேண்டும். உடனடிக்கு, ஊறும் இடத்தைச் சுற்றி மண்மூட்டை அடுக்கி, உள்ளே முதலில் பருமணல், அதன்மேல் சின்னச் சல்லி, அதன்மேல் கல் என்று ஒவ்வொன்றும் ஒரு சாண் கனத்துக்குப் போட வேண்டும்.

நிரந்தர வேலை கோடையில். குளத்தை ஒரு நாளுக்கு 30 சென்ரிமீற்றருக்கு மேல் இறக்கக்கூடாது, வேகமாக வற்றினால் ஈரம் சுமந்த உட்சரிவு சறுக்கும். பைப்பின் வழியே 1க்கு 1 சரிவில் அகலமாக வெட்டி, புதுப் பைப் வைத்து, வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் பைப்பைச் சுற்றி எல்லாத் திசையிலும் 60 சென்ரிமீற்றர் பருமணல் போட்டு, அதற்குக் கட்டின் அடியில் வடிகால் விட வேண்டும். மிச்சத்துக்குக் களிமண், 15 சென்ரிமீற்றர் படையாக. மண்ணை உருட்டி இடுப்பு உயரத்தில் இருந்து போட்டுப் பாருங்கள்: இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம் சரி, தூளானால் தண்ணி தெளிக்க வேண்டும், சப்பளிந்தால் காய விட வேண்டும்.

மற்றவை சின்ன வேலைகள். விளக்குக் கம்பத்துக்கு வயர் போட்ட கிடங்கு முகட்டின் நடுவால் நீளத்துக்கு அமர்ந்து, அதில் மழைத்தண்ணி தேங்குகிறது. கிளறி இறுக்கி நிரப்பினால் சரி. வெளிச்சரிவில் விரல் தடிப்பில் இரண்டு வேப்பங்கன்று நிற்கிறது, இப்போதே வேரோடு பிடுங்க வேண்டும். அடியில் நிற்கும் பழைய பனையைத் தொட வேண்டாம். தறித்தால் வேர் உக்கித் துவாரம் விடும், தறிப்பதென்றால் வேரையும் தோண்டி மண் இறுக்க வேண்டும். அகழான் எலி வளை மூன்று கண்டோம், ஒன்று முழங்கை ஆழம்.

குளம் கொள்ளும் தண்ணி 6,000 கனமீற்றர் அளவில் வரும், 6,000 லீற்றர் பவுசர் (தண்ணி லொறி) ஆயிரம். கட்டுக்குக் கீழே 120 மீற்றரில் ஒரு ஒழுங்கையும் நான்கு வீடுகளும். வன்னியின் சிறுகுளமென்றால் அடைமழை இரவில் கமக்காரர் யாராவது ரோச் லைற்றோடு கட்டில் நிற்பார்கள். இங்கே மாலை 6 மணிக்குப் படலை பூட்டினால் காலைவரை ஒருவரும் இல்லை. கார்த்திகை, மார்கழியில் இரவுக் காவல் ஒருவரை வைத்து, வான் படிக்கு மேல் 20 சென்ரிமீற்றர் ஏறினால் அந்த நான்கு வீட்டுக்கும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் படலையில் எழுதியிருக்க வேண்டும்.

பங்குனி முதல் ஆவணி வரை பிள்ளைகளோடு போகலாம். மழை தொடங்கிய பின், வலை இருக்கும்வரை, வேண்டாம். வலை கழன்று, படி திருத்தி, போத்தல் தண்ணி தெளிவாக நின்றால் 4 போடுவோம்.