மாருதி ஜிப்ஸி பின் ஆக்சில் சத்தத்துக்கு 38,500 ரூபாய்: பெங்களூர் நண்பர்கள் உஷார்

38,500 ரூபாய் கொடுத்தேன். வண்டி இன்னும் அதே சத்தம்தான் போடுகிறது.

நைஸ் ரோட்டில் வேகம் 50ஐத் தாண்டினால் பின்பக்கம் ஒரு முனகல் கேட்கும். வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். கனகபுரா பக்கம் ஓடை, சேறு என்று இறக்குகிற வண்டி. ஆயில் சீலைத் தாண்டித் தண்ணீர் போனால் பேரிங் அடிபடத்தான் செய்யும். அதனால் ஜீப், ஜிப்ஸி மட்டுமே பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஓனர் தர்மபுரிக்காரர். நான் தமிழில் பேசியதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தார். "நீங்க நம்ம ஆளு சார், உங்ககிட்ட பொய் சொல்லிட்டு நான் எங்க போகப்போறேன்?"

அவரே ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். "ரெண்டு பக்கப் பேரிங்கும் அவுட். கிரவுன் பினியனும் போச்சு. புள்ளைங்கள ஏத்திட்டுப் போறீங்க, ஓடுறப்ப வீலு கழண்டு வந்தா?" (கிரவுன் பினியன் என்பது பின் ஆக்சில் நடுவில் இன்ஜின் சுழற்சியை வீல்கள் பக்கம் திருப்பிவிடுகிற பல்சக்கர ஜோடி.) அந்தக் கடைசிக் கேள்விதான் என்னிடமிருந்து பணத்தைக் கறந்தது. அது வெறும் பூச்சாண்டியும் இல்லை. ஜிப்ஸியில் வீல் மாட்டியிருக்கிற ஆக்சில் ஷாஃப்டை வெளியே வராமல் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பேரிங்கும் அதை ஒட்டி பிரஸ் பண்ணிய ரிங்கும்தான். பாதி உண்மையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவனிடம் எப்படித் தப்பிப்பது?

வண்டி எடுத்த அன்றே சத்தம் அப்படியே இருந்தது. போன் போட்டால், "புதுப் பேரிங் சார், செட் ஆகணும், ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். அப்புறம், "அது உங்க டயர் சத்தம் சார், மட் டயர்ல." 38,500 வாங்கும்போது டயர் ஞாபகம் வரவில்லையாம்! அதற்கப்புறம் போனைப் பையன்தான் எடுத்தான்: "அண்ணன் ஓசூர் போயிருக்காரு." எப்போது கூப்பிட்டாலும் ஓசூர்தான். பழைய பேரிங்கைக் கேட்டேன், காயலான்காரன் எடுத்துப் போய்விட்டானாம்.

இடது டிரம்மில் கியர் ஆயில் கசிந்து பிரேக் லைனர் நனைந்த பிறகு, அல்சூரில் வயசான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டது, "ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா சத்தம் மாறுதா?" மாறவில்லை. கிரவுன் பினியன் என்றால் மாறுமாம். வலது பக்கம் வளைத்து ஓட்டினார், சத்தம் கூடியது. எடை இடது பக்கம் சாய்கிறது, ஆக இடது பேரிங். பின்பக்கம் முழுவதையும் ஸ்டாண்டில் தூக்கி, பட்டை ஸ்பிரிங்கில் கை வைத்துக்கொண்டு வீலைச் சுற்றச் சொன்னார். இடது பக்கம் கரகரவென்று கையிலேயே தெரிந்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

ஷாஃப்டை வெளியே எடுத்தால் ரிங்கில் சுத்தியல் தழும்பு. பழைய ரிங்கையே தட்டி ஏற்றியிருக்கிறார்கள். அதைத் திரும்பப் போடவே கூடாது. புதுசை பிரஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். பேரிங்கும் பழசுதான், மேலே கிரீஸ் மட்டும் புதுசு. அதைவிட வயிறு எரிந்தது ஆக்சிலின் வெளிக்கூட்டை, அதாவது ஹவுசிங்கைப் பார்த்தபோது. கிரவுன் பினியன் மாற்ற வேண்டுமென்றால் அது உட்கார்ந்திருக்கிற டிஃப்ரன்ஷியலையே கழற்றி இறக்க வேண்டும். நட்டுகளில் பழைய சேறும் துருவும் அப்படியே இருக்கிறது, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை! தொடாத சாமானுக்கும் சேர்த்துத்தான் அந்த 38,500. ஒரு பக்கப் பேரிங், சீல், ரிங் எல்லாம் ஜே.சி. ரோட்டில் சில ஆயிரத்தில் முடிகிற சாமான்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. எந்தப் பக்கம் என்று வீலைத் தூக்கிக் காட்டாதவரிடம் வண்டியை விடாதீர்கள். கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், பழைய சாமானைக் கையோடு வாங்குங்கள். சத்தம் டயரா என்று சந்தேகம் இருந்தால் முதலில் வேறு டயர் மாட்டி ஓட்டிப் பாருங்கள், அது ஓசி. ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் தராதீர்கள். எனக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டையும் யுபிஐ விவரத்தையும் வைத்து 1915க்கு, அதாவது நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் கீழே போடுகிறேன்.