தோட்டத்துச் சம்பளச் சீட்டுக்கு வேர்டின் மெயில் மேர்ஜ்

நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் செக்ரோல் (தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேடு) எக்செல்லில் இருந்தால், சம்பளச் சீட்டு அடிக்க, பட்டியலிலுள்ள விபரங்களை ஆளுக்கொரு சீட்டாக நிரப்பித் தரும் வேர்டின் மெயில் மேர்ஜ் வசதி தாராளமாகப் போதும். பெயர், பேர்க் கணக்கு (வேலை செய்த நாட்கள்), மேலதிகக் கொழுந்துக் கிலோ, 8% ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கழிவு என்று ஒவ்வொரு நிரலுக்கும் சீட்டில் ஒரு புலம், அதாவது அந்த நிரலின் விபரம் வந்து விழும் இடம்.

தொல்லை தசமத்தில்தான். எக்செல்லில் 1,234.50 என்று தெரிவது சீட்டில் 1234.5 என்றோ 1234.4999999999 என்றோ விழும். எக்செல்லின் அலங்காரம் வேர்டுக்கு வராது, உள்ளே கிடக்கும் எண்தான் வரும். வேர்டில் ஆல்ட்டோடு எஃப்9 அழுத்திப் புலக் குறியீட்டைக் காட்டவைத்து, புலப்பெயருக்குப் பின்னால் \# "#,##0.00" சேர்த்து, புலத்தைப் புதுப்பித்தால் சரி.

அரைப்பேரை (அரைநாள் வேலையை) 0.5 என்றே பதியுங்கள். எண் நிரலில் "அரை" என்று எழுத்தைப் போட்டால் சீட்டில் 0 வரலாம், வெறுமையாகவும் விடலாம்; பிறகு தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் யார் பதில் சொல்வது?

நிர்வாகம் கட்டும் ஈ.பி.எஃப். 12%, ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% இரண்டையும் கழிவுப் பக்கம் வைக்காமல் தனி வரியில் காட்டுங்கள்.